முதல் தடவை விமானம் ஏறுகிறவருக்கு: வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க வரையும், அதற்குப் பிறகும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலி வீதியிலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று எந்த ஊரிலிருந்து எந்த உறவினர் வெளிநாடு போனாலும், ஏறுவதற்கு முதல் நாள் தங்குவது எங்கள் வீட்டில்தான். அவர்களில் பலர் அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாக விமானம் ஏறியவர்கள். மகளின் பிரசவத்துக்கு டொரொண்டோ போகிற அம்மா, மகன் கூப்பிட்டு லண்டன் போகிற அப்பா, மெல்பேர்ணில் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகிற அப்பம்மா. இவர்களை வழியனுப்பியும், போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் கதை கேட்டும் நான் கண்டது, படுகிற கஷ்டத்தில் முக்கால் பங்கு அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று யாரும் சொல்லி வைக்காததால் வருகிறது. காது ஏன் அடைக்கிறது, சத்தம் ஏன் மாறுகிறது, கழிவறைக் கதவு எப்படித் திறக்கும் என்று முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து சொன்னால் போதும், முகத்தில் இருக்கிற பயம் பாதியாகிவிடும். நான் அப்படிச் சொல்கிறவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்களே போகிறீர்கள் என்றாலும், அம்மா அப்பாவை அனுப்புகிறீர்கள் என்றாலும் இது உதவும்.

டிக்கெட் எடுக்கும்போதே

பயணம் சுகமாக இருக்குமா என்பது டிக்கெட் எடுக்கிற அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. முதலில் பாருங்கள், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா? டுபாய் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பேற்க யாரும் இல்லை. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. பெரிய பொதியும் கடைசி ஊரிலேயே வந்து சேரும்படி கொழும்பிலேயே பட்டி ஒட்டிவிடுவார்கள். வயதானவர்களுக்கு இடையில் குறைந்தது இரண்டரை மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாத காரியம்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள். அதற்குப் பணம் இல்லை. புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவைப்பது நல்லது. "நான் நல்லா நடப்பேன், எனக்கு எதுக்கு அது" என்று பெரியவர்கள் மறுப்பார்கள். வீட்டுக்குள் நடப்பது வேறு, டோஹாவிலோ டுபாயிலோ கிலோமீற்றர் கணக்கில் நடப்பது வேறு. தவிர, நாற்காலியைத் தள்ளுகிறவர் வரிசை, வாயில், ஆவணம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். மொழி தெரியாதவருக்கு அது பெரிய துணை. என் மாமி முதலில் அழுதே மறுத்தார். திரும்பி வரும்போது அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கு "இந்து உணவு" என்று பதிவு செய்துவிடாதீர்கள். எச்என்எம்எல் என்ற அந்தக் குறியீட்டில் கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரும், மாட்டிறைச்சி மட்டும்தான் இருக்காது. மரக்கறி மட்டும் வேண்டுமென்றால் கேட்க வேண்டியது ஏவிஎம்எல், அதாவது ஆசிய மரக்கறி உணவு. நீரிழிவுக்காரருக்கு டிபிஎம்எல். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னாவது இது பதிவாகியிருக்க வேண்டும்.

இருக்கை விஷயத்தில் என் அபிப்பிராயம் எப்போதும் ஒன்றுதான்: நீண்ட பயணத்தில் பெரியவர்களுக்கு நடைபாதை ஓரம். ஜன்னல் ஓரம் ஆசையாக இருக்கும், ஆனால் கழிவறைக்குப் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும் என்ற கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சென்னைக்குப் போகிற ஒன்றேகால் மணி நேரப் பயணம் என்றால் ஜன்னலே எடுங்கள், நன்றாகப் பார்க்கட்டும். ஆட்டத்துக்குப் பயப்படுகிறவருக்கு இறக்கைக்கு நேரான வரிசைகள் நல்லது, வால் பக்கம் அதிகம் ஆடும். கைக்குழந்தை இருந்தால் தொட்டில் மாட்டக்கூடிய முன்சுவர் வரிசையைக் கேளுங்கள். அப்படியான இடங்கள் ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும், முந்திக் கேட்கிறவருக்கே கிடைக்கும்.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் கடிதம் கொண்டுபோக வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். 36 வாரத்தைத் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் டிக்கெட்டுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

பொதி கட்டுவது

நம்மவர்களின் பொதி வெறும் உடுப்புப் பொதி அல்ல. வறுத்து இடித்த கறித்தூள், ஒடியல், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, எலுமிச்சங்காய் ஊறுகாய், கருவாடு, பிள்ளைக்குப் பிடித்த முறுக்கு. அவற்றைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அந்தப் பையைத் திறக்கிற நேரம் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுகிற விதம் ஒன்று உண்டு.

வீட்டிலேயே நிறுங்கள். கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கிற சின்னத் தராசு புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். எத்தனை கிலோ, எத்தனை பை என்பது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். சில வழிகளில் மொத்த நிறையைத்தான் பார்ப்பார்கள். கனடா, அமெரிக்கா போன்ற வழிகளில் பைக் கணக்கு, ஒவ்வொரு பையும் 23 கிலோவுக்குள் என்பதுபோல. எந்த வழியானாலும் தனி ஒரு பை 32 கிலோவைத் தாண்டக்கூடாது. நீங்கள் ஒரு கிலோ குறைத்தே கட்டுங்கள். கவுண்டர் முன்னால், பின்னால் வரிசை நிற்க, தரையில் சூட்கேஸைத் திறந்துவைத்து எந்தத் தூளை எடுப்பது என்று தவிப்பதைப் போல மனதை நோகடிக்கிற காட்சி விமான நிலையத்தில் வேறு இல்லை.

ஊறுகாய்ப் போத்தலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். மேலே போனதும் காற்றழுத்தம் குறையும், உள்ளே உள்ள காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கி, இரண்டு பைக்குள் போட்டு, நடுவில் உடுப்புச் சுற்றி வையுங்கள். தூள் வகைகள் எல்லாம் பெரிய பொதியில்தான் போக வேண்டும். காய்ந்த கொப்பரா வேண்டாம். எண்ணெய்ப்பிடிப்பான அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் இருக்கிறது. வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்கள் கசகசாவைப் பொட்டலமாகக்கூட எடுக்காதீர்கள், அங்கே அது போதைப்பொருள் கணக்கில் சேரும். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இறைச்சி, பால், நெய் கொண்டுபோக முடியாது. அவுஸ்திரேலியா என்றால் விமானத்தில் தருகிற அட்டையில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறித்துவிடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் கடுமையானது.

கைப்பையில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லா மருந்தும், பயணத்துக்கு மட்டும் அல்ல, ஒரு வாரத்துக்கான அளவு. இன்சுலினைப் பெரிய பொதியில் போடவே கூடாது, பொதி அறையின் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். குளிசைகள் மருந்தகத்தின் பெட்டியோடும், மருத்துவரின் துண்டோடும் இருக்கட்டும். டிரமடோல், கோடீன் சேர்ந்த வலிக் குளிசைகள் ஐக்கிய அரபு இராச்சியத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அங்கே இறங்கித் தங்குகிறவர்கள் முன் அனுமதி பற்றி விசாரியுங்கள். நேர வித்தியாசத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்தை எப்போது எடுப்பது என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒரு சால்வை, காலுறை, மாற்று உடுப்பு ஒன்று, கண்ணாடி, சார்ஜர். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-மணிக்குள். சாதாரணமாக 20,000 எம்ஏஎச் என்று எழுதியது அதற்குள் அடங்கும். திரவம் எதுவானாலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் கூடாது. சித்தாலேப தைல டப்பி சின்னது, பயமில்லாமல் எடுக்கலாம். கைப்பையின் நிறைக்கும் எல்லை உண்டு, பல நிறுவனங்களில் 7 கிலோ.

கடைசியாக ஒரு தாள். பிள்ளையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை நாள் தங்குவது, திரும்பும் திகதி, விமான எண்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். இன்னொரு பிரதி கைப்பையில். அழைப்புக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், விசாவின் பிரதி இவற்றையும் கையில் வையுங்கள், பெரிய பொதிக்குள் போடாதீர்கள். பேச வராவிட்டாலும் தாள் பேசும். கடவுச்சீட்டு போகும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாகுமா என்று டிக்கெட்டுக்கு முன்பே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எந்த இரவு?

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. கொழும்பிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் புறப்படுகின்றன. டிக்கெட்டில் 15ஆம் திகதி 02:50 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் திகதி இரவு. எங்கள் பெரியப்பா 15ஆம் திகதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வான் பிடிக்கத் தயாரானார். அவர் ஏற வேண்டிய விமானம் அன்று அதிகாலையே போய்விட்டது. அவ்வளவு படித்த மனிதர், அன்றைக்குக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாட்காட்டியில் விமான நேரத்தை எழுதுவதில்லை. "14 ஞாயிறு இரவு 9.30, வீட்டிலிருந்து வெளிக்கிடுதல்" என்று கிளம்பும் நேரத்தைத்தான் எழுதுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அன்று இரவு பஸ்ஸில் வந்து அன்றே ஏறாதீர்கள். ஒரு நாள் முன்னதாக வந்து, குளித்து, நன்றாகத் தூங்கிவிட்டு ஏறுங்கள். களைத்த உடம்புக்குத்தான் தலைச்சுற்றும் சத்தியும் முதலில் வரும்.

கட்டுநாயக்க வரை

வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். தூரத்தில் பெரும்பகுதி பேலியகொடையில் தொடங்குகிற அதிவேக வீதி. 2013இல் அது திறந்த பிறகு அந்தப் பகுதி அரை மணிக்குள் முடிகிறது. நேரத்தைத் தின்பது அதற்கு முன்னால் உள்ள காலி வீதியும் கோட்டையும் களனிப் பாலமும்தான். காலை பாடசாலை நேரம், பிற்பகல் பாடசாலை விடும் நேரம், மாலை 4.30இலிருந்து 7 மணி வரை, இந்த நேரங்களில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். மழை பிடித்தால் இன்னும் அரை மணி. ஆடிவேல் நாட்களில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் தேர் வரும் நேரத்தை விசாரித்துவிட்டே வாகனம் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும்.

பெரிய பொதி இருந்தால் வானை முதல் நாளே பேசிவையுங்கள். தனியாக, சின்னப் பையோடு பகலில் போகிற இளைஞர்களுக்குப் புறக்கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது.

வழியனுப்ப வருகிறவர்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பது பாதுகாப்பைப் பொறுத்து மாறும். ஆகவே, கண்ணீர், கட்டிப்பிடிப்பு, விபூதி பூசுவது எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே செய்துவிடுங்கள் என்பேன். நிலைய வாசலில், பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்க, அவசரமாகப் பிரிவது இரண்டு பக்கத்துக்கும் வலி.

நிலையத்துக்குள்

மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருங்கள். நடக்கப்போகிறது இதுதான். வாசலில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி, எல்லாப் பைகளையும் இயந்திரத்தில் விட வேண்டும். பிறகு உங்கள் நிறுவனத்தின் கவுண்டர். அங்கே பெரிய பொதியை எடுத்துக்கொண்டு போர்டிங் பாஸும், பொதிக்கான சின்னத் துண்டும் தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள், பொதி வராவிட்டால் அதுதான் சாட்சி. புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுவது பொதுவான வழக்கம், கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். அடுத்தது குடியகல்வு, முத்திரை குத்துவார்கள். வேலைக்காகப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவை முன்பே முடித்திருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த இடத்தைத் தாண்டுவது கடினம்.

அதற்குப் பிறகு கடைகளும் கதிரைகளும். இன்னும் ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, அதனால் தண்ணீர்ப் போத்தலை வெறுமையாக்கிக்கொண்டு போங்கள். தாலிக்கொடி, காப்பு இவற்றால் இயந்திரம் ஒலித்தால் பதற வேண்டாம். பெண்களைப் பெண் அலுவலர்தான் சோதிப்பார். சேலையில் குத்தும் ஊசிகளைக் குறைத்தால் இந்த இடம் இலகு. நான் பெரியவர்களுக்குச் சொல்வது தளர்ந்த பருத்திச் சல்வாரும், கழற்றி மாட்ட இலகுவான செருப்பும். கால் கொஞ்சம் வீங்கும், இறுக்கமான சப்பாத்து வேண்டாம்.

வாயில் எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும். அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள்.

உள்ளே உடம்புக்கு என்ன நடக்கிறது

விமானம் பறப்பது 35,000 அடி உயரத்தில் என்றாலும், உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் இருப்பது போன்றது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 6,100 அடி, பிதுருதலாகல உச்சி 8,281 அடி. அப்படியென்றால் நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலைக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

றம்பொடை வளைவுகளில் பஸ் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான் இங்கேயும். ஏறும்போது காற்று காதிலிருந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் உள்ளே போக மறுக்கும், ஆகவே வலி இறங்கும்போது அதிகம். தரையைத் தொடுவதற்கு அரை மணிக்கு முன்பே அது தொடங்கிவிடும். அந்த நேரம் தூங்காதீர்கள். இனிப்பு ஒன்றை உறிஞ்சி எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். அடைப்பு போகாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள், பலமாக அல்ல. குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். கடும் தடிமன் இருந்தால் காது மோசமாக வலிக்கும், பயணத்துக்கு முன் மருத்துவரிடம் மூக்கடைப்புக்கு மருந்து கேளுங்கள்.

காற்று விரிவது வயிற்றிலும் நடக்கும். ஏறுவதற்கு முன் கடலை, பருப்பு, முட்டைக்கோவா, சோடா இவற்றைத் தவிர்த்துவிட்டு இடியப்பமோ சோறோ அளவாகச் சாப்பிட்டால் பொருமல் இருக்காது. விமானச் சாப்பாட்டில் உப்பில்லை என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். சமையலில் மட்டும் குற்றம் இல்லை. அழுத்தம் குறைந்து, மூக்கு உலர்ந்த நிலையில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரியும்.

அடுத்தது தண்ணீர். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் வழக்கமாக 70 சதவீதத்துக்கு மேல். விமானத்துக்குள் 20க்கும் கீழே போகும். வியர்க்காததால் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு உலர்ந்துகொண்டே இருக்கும். தலையிடி, தொண்டை வறட்சி, மயக்கம் பலதும் இதனால்தான். நம் பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். என் மாமி பதின்மூன்று மணி நேரம் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்து, இறங்கிய இடத்தில் தலைசுற்றி விழப் பார்த்தார். ஆகவே கழிவறையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கதவின் நடுவைத் தள்ளினால் அது உள்ளே மடங்கும். தாழ்ப்பாளைப் போட்டால்தான் வெளிச்சம் முழுதாக வரும். இருக்கைக்குப் பக்கத்தில் கழுவுவதற்குக் குழாய் கிடையாது, அதனால் ஈரத்துடைப்பான் பொதியொன்றும், கைகழுவும் குழாயில் நீர் பிடிக்க ஒரு வெற்றுப் போத்தலும் கொண்டுபோங்கள். பொத்தானை அழுத்தினால் "ஷ்ஷ்" என்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சும், பயப்பட எதுவும் இல்லை. இதைச் சொன்ன பிறகு பலர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழமான இரத்த நாளங்களில் இரத்தம் கட்டியாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், ஆனாலும் தடுப்பது சுலபம். ஒரு மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள், இருபது தடவை. இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்பக்கம் வரை நடந்து வாருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்கள் இறுக்கக் காலுறை பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

பயப்பட வைக்கிற சத்தங்கள்

ஓடுபாதையில் கிளம்பும் முன் இரவில் விளக்கை மங்கலாக்குவார்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்பதற்காக, எல்லா விமானத்திலும் அப்படித்தான். தரையை விட்டதும் காலுக்குக் கீழே "தொம்" என்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் உள்ளே மடிகிறது. ஓரிரு நிமிடத்தில் இயந்திரத்தின் இரைச்சல் திடீரென்று குறையும், விமானம் கீழே போவது போல இருக்கும். அந்த நொடியில்தான் முதல் தடவை ஏறுகிறவர்கள் கையை இறுகப் பற்றுவார்கள். ஏறுவதற்கு வேண்டிய உச்ச விசை முடிந்து, இயந்திரத்தைத் தணிக்கிறார்கள், அவ்வளவுதான். இறக்கை நுனி மேலும் கீழும் அசைவதும் சரிதான், வளைய வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள்.

நடுவில் ஆடும். இலங்கையைச் சுற்றிய கடலில், முக்கியமாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமேகம் உயரமாக எழும், விமானிகள் அதைச் சுற்றிப் போவார்கள். குண்டும் குழியுமான தெருவில் பஸ் குலுங்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், தூங்கும்போதும், பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள், பணிப்பெண்ணும் எழுப்ப மாட்டார். பயம் கூடினால் மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கூச்சப்படாமல் பணியாளரிடம் "முதல் தடவை" என்று சொல்லுங்கள். அவர்கள் அடிக்கடி வந்து பார்ப்பார்கள்.

இடையில் இறங்கும் ஊர்

போர்டிங் பாஸில் உள்ள நேரம் அந்தந்த ஊரின் நேரம். டுபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால், டோஹா இரண்டரை மணி நேரம் பின்னால். கைக்கடிகாரத்தை இறங்கியதும் மாற்றுங்கள். பிறகு கடைக்குப் போகாமல் முதலில் அடுத்த வாயிலைக் கண்டுபிடித்து, அதன் எதிரே உட்காருங்கள். அதன் பிறகு மற்றதெல்லாம்.

போய் இறங்கிய பிறகு

குடிவரவில் அந்தத் தாளைக் காட்டுங்கள். கேட்கிறதற்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். பொதி வராவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியே போகாமல் அங்கேயுள்ள பொதிக் கவுண்டரில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, எண் வாங்குங்கள். உடைந்திருந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று மொன்ட்ரியல் ஒப்பந்தம் சொல்கிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், அல்லது மூச்சு வாங்கினால், களைப்பு என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தூக்கம் சரியாவதற்கு ஒரு வாரம் ஆகலாம். பகலில் தூங்க வைக்காமல், வெயில் இருக்கும் நேரம் வெளியே நடத்திக்கொண்டு போங்கள் என்று அங்கேயுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டொரொண்டோவில் கோடைகாலத்தில் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு அம்மா விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் கொழும்பில் காலை 11.30. குளிர்காலத்தில் பகல் 12.30. மகளை எழுப்பக் கூடாதென்று அவர் இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பார். அந்த முதல் வாரம் முழுதும் அந்த நேரத்தில் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள். இங்கே சமையல் நடக்கிற நேரம்தான், கறி தாளிக்கிற சத்தத்தோடேயே பேசலாம்.